வான்வழித் தொலைவும் பறக்கும் நேரமும்: நாமே கணக்கிடும் முறை

சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கும் மேற்கே துபாய்க்கும் உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரண்டு பயணச்சீட்டுகளையும் அருகருகே வைத்துப் புறப்படும் நேரத்தையும் போய்ச்சேரும் நேரத்தையும் மட்டும் பார்ப்பவருக்கு, சிங்கப்பூர் ஆறே முக்கால் மணி நேரப் பயணம் போலவும், துபாய் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம் போலவும் தோன்றும். இணையத்தில் தேடினாலும் தெளிவு கிடைப்பதில்லை. தொலைவை ஏதோ ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, வந்த விடையையே பறக்கும் நேரம் என்று காட்டும் தளங்கள் பல. அவற்றை நம்பினால் சென்னையிலிருந்து மதுரைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். அப்படி யாரும் போனதில்லை.

இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவைக் கைப்பேசியில் உள்ள கணிப்பானைக் கொண்டே நல்ல துல்லியத்துடன் கண்டுவிடலாம். நேரத்தை அவ்வாறு ஒரே வகுத்தலில் காண முடியாது. அது வழி, வேகம், காற்று, தரையில் கழியும் நிமிடங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்து மதிப்பிட வேண்டிய ஒன்று. இரண்டையும் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு

முதலில் நகரத்தை மறந்துவிட்டு விமான நிலையத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று வெவ்வேறு திசைகளில் விமான நிலையங்கள் உள்ளன. நகர மையத்தை வைத்துக் கணக்கிட்ட தொலைவுக்கும் விமான நிலையத்தை வைத்துக் கணக்கிட்ட தொலைவுக்கும் இடையே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேறுபாடு வருவது இதனால்தான்.

கூகுள் மேப்ஸில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இந்த வரிசையை மாற்றிவிட்டால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி இட வேண்டும். பழைய நிலப்படங்களில் இந்த எண்கள் பாகை, கலை என்று தரப்பட்டிருக்கும். கலையை அறுபதால் வகுத்துப் பாகையுடன் சேர்த்துக்கொண்டால் போதும், அதாவது 9 பாகை 48 கலை என்பது 9.8 பாகை. இங்கே நாம் பயன்படுத்தப்போகும் எண்கள் இவை: சென்னை 12.99, 80.17; யாழ்ப்பாணம் (பலாலி) 9.79, 80.07, சிங்கப்பூர் (சாங்கி) 1.36, 103.99, துபாய் 25.25, 55.36, லண்டன் (ஹீத்ரோ) 51.47, கழித்தல் 0.45.

தொலைவைக் காணுதல்

எளிய நிலையிலிருந்து தொடங்கலாம். சென்னையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்துள்ளன. பூமியின் மேற்பரப்பில் வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கி.மீ. எனவே 12.99-இலிருந்து 9.79-ஐக் கழித்துக் கிடைக்கும் 3.20-ஐ 111.2-ஆல் பெருக்கினால் 356 கி.மீ. என்று வந்துவிடுகிறது, வேறு கணக்கு எதுவும் தேவையில்லை. இதே தொலைவைக் கடல் மைலில் அறிய விரும்பினால் இன்னும் எளிது, ஏனெனில் ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல்: 3.20-ஐ 60-ஆல் பெருக்க 192. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் இன்றும் தொலைவைக் கடல் மைலிலும் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகிலும் சொல்வதற்குப் பழக்கம் ஒரு காரணம் என்றாலும், பாகையோடு அது இவ்வாறு நேரடியாகப் பொருந்துவதும் ஒரு காரணம்.

இரு நகரங்களும் ஒன்றுக்கொன்று சாய்வாக இருந்து, தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்குள் இருந்தால், பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். அட்சரேகை வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்க்கரேகை வேறுபாட்டை மட்டும் இரு ஊர்களின் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. சென்னைக்கும் மதுரைக்கும் (9.83, 78.09) இவ்வாறு கண்டால் அட்சரேகை வேறுபாடு 3.16, திருத்திய தீர்க்கரேகை வேறுபாடு 2.04, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க 3.76 பாகை, அதாவது 418 கி.மீ.

நீண்ட தொலைவுக்கு இந்த முறை ஏமாற்றிவிடும். பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் முறை அதற்குத் தேவை; அதுவும் நான்கே படிகளில் முடிந்துவிடுகிறது. இரு ஊர்களின் அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கிக்கொள்ளவும். அடுத்து, இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் ஒன்றாகப் பெருக்கவும். இரண்டு விடைகளையும் கூட்டவும். கூட்டுத்தொகைக்கு நேர்மாறு கொசைன் (கணிப்பானில் cos⁻¹) எடுத்தால் இரு ஊர்களுக்கும் இடையிலான கோணம் பாகையில் கிடைக்கும், அதை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கணிப்பான் ரேடியன் முறையில் இல்லாமல் பாகை முறையில் இருக்கிறதா என்பதைத் தொடங்கும்போதே பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான தவறான விடைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. 12.99-இன் சைன் 0.2248 என்று காட்டினால் முறை சரி.

சென்னை, சிங்கப்பூருக்கு இதைச் செய்து பார்ப்போம். சைன்களின் பெருக்கம் 0.0053. தீர்க்கரேகை வேறுபாடு 23.82, கொசைன்களின் பெருக்கம் 0.8912. கூட்டுத்தொகை 0.8965, அதன் நேர்மாறு கொசைன் 26.30 பாகை, தொலைவு 2,924 கி.மீ. துபாய்க்கு இதே படிகளைச் செய்தால் 26.38 பாகை, அதாவது 2,933 கி.மீ. சென்னையிலிருந்து இரண்டுக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ ஒன்றே என்று தொடக்கத்தில் நான் சொன்னதன் பொருள் இதுதான். பூமி முழுக் கோளமாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் இந்த விடைகளில் அதிகபட்சம் அரை விழுக்காடு வரை பிழை இருக்கலாம். பயணியின் தேவைக்கு அது பொருட்படுத்தத்தக்கதன்று.

வளைவைக் கணக்கில் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை லண்டன் நன்றாகக் காட்டும். சிங்கப்பூருக்குப் பிதாகரஸ் முறையில் கணக்கிட்டால் 2,929 கி.மீ. வரும், ஐந்து கிலோமீட்டர் பிழை ஒன்றுமே இல்லை. லண்டனுக்கு அதே முறையில் 8,700 கி.மீ.க்கு மேல் வருகிறது, ஆனால் சரியான விடை 8,234 கி.மீ. ஏறத்தாழ 470 கி.மீ. பிழை! காரணம், தட்டையான நிலப்படத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அளவுகோலால் இழுக்கும் கோடு அரபிக்கடல், அரேபியத் தீபகற்பம், துருக்கி என்று செல்கிறது. உண்மையில் மிகக் குறுகிய வழியான பெருவட்ட வழி அதற்கு வெகுவாக வடக்கே, பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் ஆகியவற்றின் மேலாகச் செல்கிறது. வழியின் நடுப்புள்ளி பாக்கு நகருக்குச் சற்றுத் தெற்கே காஸ்பியன் கடலின் மேல் விழுகிறது. ஒரு பூகோள உருண்டையில் சென்னையையும் லண்டனையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். படத்தைப் பார்த்து வாதாடிக்கொண்டிருப்பதைவிட அது நல்லது.

விமானம் உண்மையில் செல்லும் வழி

மேலே கண்டது இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தொலைவு. எந்த விமானமும் அந்தக் கோட்டின் மேல் அப்படியே செல்வதில்லை. புறப்படும்போது ஓடுபாதை எந்தத் திசையை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில் எழும்பித் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் அவ்வாறே சுற்றி வந்து வரிசையில் சேர வேண்டும். இடையில் வகுக்கப்பட்ட வான்தடங்களையும் புள்ளிகளையும் பின்பற்ற வேண்டும். இராணுவப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட வான்பரப்பையும் இடிமேகங்களையும் விலக்க வேண்டும். நடுத்தரத் தொலைவுக்கு மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை கூட்டிக்கொள்வது பொருத்தமாக இருக்கும். மதுரை போன்ற குறுந்தொலைவுக்குப் பத்து விழுக்காடு கூட்டினாலும் மிகையில்லை, ஏனெனில் ஊரைச் சுற்றும் சுற்று தொலைவைப் பார்த்துக் குறைவதில்லை.

அரசியல் காரணங்களால் மூடப்படும் வான்பரப்பு தனிக் கதை. உக்ரைனின் வான்பரப்பு 2022 பிப்ரவரியில் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டதால், லண்டனுக்கு நாம் கண்ட பெருவட்ட வழியின் ஒரு பகுதி அன்றோடு பயன்படாமல் போயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடலின் மேலாகச் சுற்றிப்போக நேர்ந்தது. இத்தகைய வழிகளுக்கு விழுக்காட்டுக் கணக்கு உதவாது. விமானங்களின் பாதையை நேரலையில் காட்டும் தளங்களில் முந்தைய சில நாட்களின் பாதையைப் பார்த்து, அது எந்த ஊர்களின் மேல் செல்கிறதோ அவற்றைக் கொண்டு வழியைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டுக் கூட்டுவதே சரியான முறை.

நேரத்தை மதிப்பிடுதல்

வேகத்திலிருந்து தொடங்குவோம். ஜெட் விமானங்களின் பயண வேகம் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது. 36,000 அடி உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 56 பாகை செல்சியஸாக இருப்பதால் அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. அளவுதான். ஏர்பஸ் 320 வகை விமானம் அதில் 0.78 பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ.யில் செல்லும், போயிங் 787, ஏர்பஸ் 350 போன்றவை 0.85 பங்கில், மணிக்கு 900 கி.மீ.யில் செல்லும். சிறு ஊர்களுக்கும் பலாலிக்கும் பறக்கும் ஏடிஆர் 72 விசிறிச் சுழலி விமானத்துக்கு மணிக்கு 500 கி.மீ. என்று கொள்ளலாம். எனவே எந்த விமானம் என்று தெரியாமல் நேரத்தைச் சொல்ல முயல்வது வீண். பயணச்சீட்டு வாங்கும் பக்கத்திலேயே விமான வகை குறிப்பிடப்பட்டிருக்கும்.

இந்த வேகம் பயணத்தின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் இதனால் இழக்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடங்கள். அதோடு, கால அட்டவணையில் அச்சாகும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து தொடங்குவதன்று. நிறுத்துமிடத்தில் சக்கரத் தடைகளை நீக்கி விமானம் நகரத் தொடங்குவது முதல், மறு ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரையுள்ள முழு நேரமே அது. துறையினர் இதை பிளாக் நேரம் என்பர். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் இறங்கியபின் ஊர்ந்து வருவதும் இதில் அடங்கும். ஆகவே ஜெட் விமானத்துக்கு மொத்தமாக 35 நிமிடங்களும் ஏடிஆருக்கு 25 நிமிடங்களும் கூட்டிக்கொள்ள வேண்டும். நெரிசலான பெருநகர விமான நிலையம் ஒரு முனையில் இருந்தால் இன்னும் பத்து நிமிடங்கள் சேர்ப்பதில் தவறில்லை.

சிங்கப்பூருக்கு: 2,924 கி.மீ.யுடன் மூன்று விழுக்காடு கூட்ட ஏறத்தாழ 3,010. 830-ஆல் வகுக்க மூன்று மணி 38 நிமிடம். 35 நிமிடம் கூட்ட நான்கு மணி 13 நிமிடம். அட்டவணைகளில் காணும் நேரம் இதை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். மதுரைக்கு ஏடிஆரில்: 418-உடன் பத்து விழுக்காடு கூட்ட 460, 500-ஆல் வகுக்க 55 நிமிடம், 25 கூட்ட ஒரு மணி 20 நிமிடம். அரை மணி நேரம் எங்கே, இது எங்கே!

அட்டவணை நேரம் நம் மதிப்பீட்டைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் நம் கணக்கில் பிழை தேட வேண்டாம். குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடங்களுக்குள் நடந்தால் அது காலந்தவறாமையாகக் கருதப்படுவது துறையின் வழக்கம். அந்தப் பட்டியலில் முன்னே நிற்பதற்காக நிறுவனங்கள் நேரத்தைச் சற்றுத் தளர்த்தியே வெளியிடுகின்றன. முன்கூட்டியே இறங்கிவிட்டதாக அறிவிப்பு வரும்போது, விமானி விரைந்து ஓட்டியதாக நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

காற்று

ஒரே வழியில் போவதற்கும் வருவதற்கும் வெவ்வேறு நேரம் ஆவதற்குக் காரணம் காற்றுதான். பூமி சுழல்வதால் ஊர் நம்மை நோக்கி வருகிறது என்ற விளக்கம் தவறு, ஏனெனில் வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. தரையைப் பொறுத்த வேகத்தைக் காண, பின்னிருந்து தள்ளும் காற்றின் வேகத்தைக் கூட்டவும், எதிர்க்காற்றின் வேகத்தைக் கழிக்கவும் வேண்டும்.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலும் அரேபியாவின் மேலும் மேற்கிலிருந்து கிழக்கே, மிக உயரத்தில் விரைந்து வீசும் காற்றான ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. சென்னை, துபாய் வழியை நான்கு விழுக்காடு கூட்டி 3,050 கி.மீ. என்று கொள்வோம். காற்றே இல்லையெனில் 830 வேகத்தில், மேலே சொன்ன 35 நிமிடங்களைச் சேர்க்காமல், மூன்று மணி 40 நிமிடம். வழியெங்கும் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. மேற்குக் காற்று இருந்தால், போகும்போது வேகம் 770, நேரம் மூன்று மணி 58 நிமிடம். திரும்பும்போது வேகம் 890, நேரம் மூன்று மணி 26 நிமிடம். இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு: போகும்போது இழந்தது 18 நிமிடம், வரும்போது பெற்றது 14 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் காற்றின் நன்மையும் தீமையும் ஒருபோதும் சரிக்குச் சரியாவதில்லை.

பலரும் சொல்லும் பொதுவிதி, மேற்கே போனால் தாமதம், கிழக்கே போனால் விரைவு என்பது. தென்னிந்தியாவுக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது; இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் எழுதிய ஆய்வுரையின் வழியே அது உலகுக்கு நன்கு அறிமுகமாயிற்று. அதன் உச்சம் 14 கி.மீ.க்கும் மேலே இருப்பினும், 11, 12 கி.மீ. உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கும் அதன் தள்ளுதல் கிடைக்கிறது. ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே புறப்படுபவருக்கு, பயணத்தின் முற்பகுதியிலாவது காற்று துணையாகவே இருக்கும்.

தொலைவு கூடினாலும் நேரம் குறையலாம் என்பதற்கு ஏர் இந்தியாவின் டெல்லி, சான் பிரான்சிஸ்கோ வழியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்த அந்த விமானம், 2016 அக்டோபரில் திசையை மாற்றிப் பசிபிக் பெருங்கடலின் மேல் ஏறத்தாழ 15,300 கி.மீ. பறந்தது, காற்று பின்னிருந்து தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில், அதாவது முந்தைய வழியைவிட விரைவாகவே போய்ச்சேர்ந்தது.

கடிகார நேரத்தைச் சரிசெய்தல்

பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். போய்ச்சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தபின், சேரும் ஊரின் கடிகாரம் முன்னே இருந்தால் அந்த வேறுபாட்டைக் கழிக்கவும், பின்னே இருந்தால் கூட்டவும் வேண்டும். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே; எனவே சீட்டில் ஆறே முக்கால் மணி நேரமாகத் தோன்றுவது உண்மையில் நான்கே கால். துபாய் ஒன்றரை மணி பின்னே. இரண்டே முக்கால் மணி நேரமாகத் தோன்றுவதும் அதே நான்கே கால். யாழ்ப்பாணத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். லண்டனுக்கு மட்டும் கவனம் தேவை: மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை வேறுபாடு நான்கரை மணி, மற்ற நாட்களில் ஐந்தரை மணி.

இடைநிறுத்தமும் இழப்பீடும்

ஓர் ஊரில் மாறிச் செல்வதாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். சென்னையிலிருந்து துபாய் 2,933, அங்கிருந்து லண்டன் 5,497. மொத்தம் 8,430 கி.மீ. நேர்வழியைவிட ஏறத்தாழ 200 கி.மீ.தான் கூடுதல். ஆகவே துபாய் வழியாகப் போவது தொலைவில் வீண் சுற்று அன்று. நேரத்தில் கூடுவது இன்னொரு முறை இறங்கி ஏறும் 35 நிமிடமும் அங்கே காத்திருக்கும் நேரமும் மட்டுமே.

இந்தக் கணக்குகள் பணமாகும் ஓர் இடமும் உண்டு. உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிப்படி இழப்பீட்டின் உச்சவரம்பு பிளாக் நேரத்தைப் பொறுத்து அமைகிறது: ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் ஒழுங்குமுறையும், அதைத் தழுவிய பிரிட்டன் சட்டமும் நேரத்தை விட்டுவிட்டுத் தொலைவைப் பார்க்கின்றன, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. ஆகியவை எல்லைகள், அளக்கும் முறை பெருவட்ட முறை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அங்கே ஒரே முன்பதிவில் மாறிச் செல்லும் பயணத்துக்குக் கட்டங்களின் கூட்டுத்தொகை கணக்கில் வராது. முதலில் புறப்படும் விமான நிலையத்துக்கும் கடைசியாகச் சேரும் விமான நிலையத்துக்கும் இடையிலான பெருவட்டத் தொலைவையே விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும்.